கட்டைவிரல் மூட்டில் ஸ்டீராய்டு ஊசி: போடலாமா?

(காட்சி: ஊறுகாய் பாட்டிலின் மூடியைத் திருகும் கை. பாதியிலேயே நின்றுவிடுகிறது.)

இந்த வலியை நான் முதலில் பார்த்தது என் அம்மாவின் முகத்தில். பூட்டில் சாவியைத் திருப்பும்போது உதட்டைக் கடித்துக்கொள்வார். ஈரப் புடவையைப் பிழிய என்னைக் கூப்பிடுவார். எங்கே வலிக்கிறது என்று கேட்டால், மணிக்கட்டை ஒட்டிக் கட்டைவிரல் தொடங்கும் இடத்தைத் தொட்டுக் காட்டுவார்.

(காட்சி: கையின் எலும்புப் படம். கட்டைவிரலின் அடி மூட்டு மட்டும் சிவப்பில்.)

குதிரை முதுகில் சேணம் உட்கார்ந்திருப்பதுபோல் இரண்டு எலும்புகள் பொருந்தும் மூட்டு இது. அதனால்தான் கட்டைவிரல் இத்தனை பக்கம் வளைகிறது. ஆனால் விரல் நுனியால் 1 கிலோ அளவுக்கு அழுத்திப் பிடித்தால், இந்த அடி மூட்டில் ஏறக்குறைய 12 கிலோ சுமை விழுகிறது. நடுவில் இருக்கும் குருத்தெலும்பு ஆண்டுக்கணக்கில் அதைத் தாங்கித் தாங்கித் தேய்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களிடம்தான் இது அதிகம்.

(காட்சி: மெல்லிய ஊசி மூட்டுக்குள் இறங்குகிறது.)

ட்ரையம்சினலோன் போன்ற ஸ்டீராய்டைப் பெரும்பாலும் மரத்துப்போகச் செய்யும் மருந்தோடு கலந்து போடுவார்கள். மூட்டு மிகச் சிறியது. அதனால் சில மருத்துவர்கள் ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்துவார்கள். மரப்பு சில மணி நேரத்தில் போய்விடும், ஸ்டீராய்டு வேலை செய்யச் சில நாட்கள் ஆகும். இடையில் ஓரிரு நாள் வலி கூடினால் பயப்பட வேண்டாம்.

ஸ்டீராய்டு வீக்கத்தையும் அழற்சியையும் தணிக்கும். தேய்ந்த குருத்தெலும்பை வளர்க்காது. சிலருக்குச் சில வாரம், சிலருக்குச் சில மாதம் நிம்மதி கிடைக்கும். சிலருக்கு எந்தப் பலனும் தெரியாது. 2004இல் வெளியான ஓர் ஆய்வில் 40 பேரில் ஒரு பாதிக்கு ஸ்டீராய்டும் மறு பாதிக்கு வெறும் உப்பு நீரும் போட்டார்கள். 24 வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால்தான் வல்லுநர்களிடையே இன்றும் ஒத்த கருத்து இல்லை. அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் 2019 வழிகாட்டுதல் இதை நிபந்தனையோடு ஏற்கிறது. ஐரோப்பியர்களின் 2018 பரிந்துரையோ பொதுவாக வேண்டாம் என்கிறது.

என்னைக் கேட்டால், ஊசியை முதல் வேலையாக வைக்காதீர்கள். கட்டைவிரலை அசையாமல் தாங்கும் பட்டை, பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சி, வலிக்குத் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல் ஆகியவற்றை முதலில் ஒழுங்காகச் செய்து பாருங்கள். அப்போதும் வலி தூக்கத்தைக் கெடுத்தால் ஊசியைப் பற்றிப் பேசலாம். வலி தணிந்திருக்கும் அந்த வாரங்களில்தான் பயிற்சியை விடாமல் செய்ய வேண்டும். ஊசி போட்டுக்கொண்ட அம்மா அதை விட்டுவிட்டார். மூன்றாம் மாதம் பழைய வலி திரும்பிவிட்டது.

(காட்சி: சர்க்கரை அளவு பார்க்கும் கருவி.)

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். ஊசிக்குப் பிறகு சில நாட்கள் சர்க்கரை ஏறும். மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள், வீட்டில் அடிக்கடி அளந்து பாருங்கள். ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுக்கலாம், உள்ளே கொழுப்பு கரைந்து குழி விழலாம். நம் நிறத்தில் அந்த வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும். அறுவை சிகிச்சை யோசனை இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்; ஊசிக்கும் அதற்கும் நடுவே குறைந்தது 3 மாதமாவது இடைவெளி விடுவது வழக்கம், இல்லாவிட்டால் கிருமித்தொற்று ஆபத்து கூடும்.

(காட்சி: சிவந்து வீங்கிய கட்டைவிரல்.)

மூட்டுக்குள் கிருமி புகுவது மிக அரிது. ஆனாலும் ஊசி போட்ட இடம் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.