பின்னேரம் நாலரை மணி

வணக்கம் நேயர்களே. கணக்காளன் ஒருவனைப் பேசக் கூப்பிட்டால் வரிப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான் என்று பயந்திருப்பீர்கள். பயப்பட வேண்டாம். பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள், நான் ரீவியைப் பற்றிக் கதைக்கப் போகிறேன். பிரித்தானிய ரீவியில் பகல் பொழுதில், வேலைக்குப் போகிறவர்கள் கண்ணில் படாமல் ஓடிக்கொண்டிருந்த வினாடி வினாக்கள், எழுத்து விளையாட்டுகள், எண் விளையாட்டுகள்.

பகலில் ரீவிக்கு முன்னால் யார் இருப்பார்கள்? ஓய்வூதியம் எடுப்பவர்கள், காய்ச்சலில் படுத்த பிள்ளைகள், வேலை பறிபோனவர்கள், விரிவுரைக்குப் போகாத மாணவர்கள். அப்புறம் இரவு வேலைக்காரர்கள். நாங்கள் அந்தக் கடைசி வகை. 1989இல் கிழக்கு லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு வீடு, அதில் நாலு பேர், நாலு பேருக்கும் பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை. காலையில் வந்து படுத்தால் பின்னேரம் மூன்றரைக்குத்தான் எழும்புவோம். மார்கழியில் அந்த நேரமே இருட்டத் தொடங்கிவிடும். தெருவெல்லாம் விளக்கு ஏற்றும்போது எங்களுக்கு விடியும்.

தேத்தண்ணியோடு ரீவியைப் போட்டால் மொத்தம் நாலே சனல்கள். பிபிசி ஒன்றில் பகல் முழுக்க ஒழுங்காக நிகழ்ச்சி போடத் தொடங்கியதே 1986 ஒக்ரோபரில்தான். ஆகவே தெரிவு செய்யும் கஷ்டம் எங்களுக்கு இருக்கவில்லை. நாலரைக்குக் கவுண்ட்டவுன்.

கவுண்ட்டவுன் 1982 நவம்பர் 2ஆம் திகதி, சனல் 4 தொடங்கிய அன்றே, அதன் முதல் நிகழ்ச்சியாக வந்தது. மூலம் பிரெஞ்சுக்காரருடைய விளையாட்டு, ஆங்கிலத்தில் லீட்ஸ் நகரில் எடுத்தார்கள். பார்த்திராதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்பது எழுத்துத் தருவார்கள், அதில் எவ்வளவு நீளமான சொல் கட்டலாம் என்று பார்க்க வேண்டும். பிறகு ஆறு எண்கள். கூட்டியோ கழித்தோ பெருக்கியோ வகுத்தோ ஒரு மூன்றிலக்க எண்ணுக்கு வந்து சேர வேண்டும். கடைசியில் கலைந்து கிடக்கும் ஒன்பது எழுத்துக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சொல். எல்லாவற்றுக்கும் முப்பது வினாடி. பின்னால் பெரிய மணிக்கூடு, முள் அரை வட்டம் வரும், அதற்கென்று ஒரு மெட்டு. இங்கே வளர்ந்த எந்தப் பிள்ளையிடமும் கேளுங்கள், பாடிக் காட்டும்.

நடத்தியவர் ரிச்சர்ட் வைட்லி. கண்ணைக் கூசவைக்கும் கோட்டு, அதைவிட மோசமான ரை, எல்லாவற்றையும்விட மோசமான பகிடிகள். வேறொரு நிகழ்ச்சியில் கீரி மாதிரி ஒரு பிராணி அவருடைய விரலைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்று தொங்கியது. அந்தப் படத்தை வருடக்கணக்காகத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். மனுசன் கோபிக்கவே இல்லை.

சரி, எங்கள் வீட்டுக்கு வருகிறேன். எங்களில் மூத்தவர் ஊரில் கணக்கு வாத்தியார். நாங்கள் அண்ணை என்போம். ஆங்கிலம் வாசிப்பார், கதைக்கக் கூச்சம். எழுத்து விளையாட்டு வந்தால் கேத்தலைப் பார்க்கப் போய்விடுவார். எண்கள் வந்தால் ஓடிவந்து நிலத்தில் சப்பணம் கட்டிவிடுவார். தாள், பேனை எதுவும் கிடையாது. வாய்பாட்டை முணுமுணுப்பார், அவ்வளவுதான். பெரிய எண்கள் நாலு இருக்கும்: 25, 50, 75, 100. அண்ணை அவற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். கால், அரை, முக்கால், முழு. "எழுபத்தைந்தால் பெருக்கிறதுக்கு ஏன் இப்படிக் கஷ்டப்படுகிறான்? இரண்டு சைபரைப் போட்டு முக்கால் எடுக்கிறதுதானே!" என்று திரையைப் பார்த்துப் பேசுவார்.

அந்த வீட்டில் மின்சாரத்துக்குக் காசு போடும் மீட்டர், படிக்கட்டுக்குக் கீழே. ஐம்பது பென்ஸ் குற்றி போட்டால் எரியும், முடிந்தால் இருட்டு. ஒருநாள் கடைசிச் சுற்று. ஒன்பது எழுத்தும் திரையில் வந்துவிட்டன, மணிக்கூடு ஓடத் தொடங்கிவிட்டது. பொத்தென்று எல்லாம் நின்றது. நாலு பேர் பொக்கெற்றிலும் ஒரு ஐம்பது பென்ஸ் இல்லை.

அண்ணை அன்றைக்குத்தான் முதன்முதலாக ஓர் எழுத்துக் கேள்வியில் மாட்டிக்கொண்டார். சொல்லின் பாதி பிடிபட்டுவிட்டதாம், மற்றப் பாதி வேண்டுமாம். சாரத்தோடும் மேலே இரண்டு ஜம்பரோடும் வெளியே ஓடிப்போய் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார். அங்கே இருந்தது ஒரு வெள்ளைக்காரக் கிழவி, தனி ஆள். அதுவரை நாங்கள் தலையாட்டியதோடு சரி. உள்ளே அதே நிகழ்ச்சி கேட்கிறது. அண்ணை மூச்சிரைக்க, "மேடம், கவுண்ட்டவுன், ஆன்சர்?" என்கிறார். கிழவி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பிரேக்ஃபாஸ்ட்" என்றது.

அண்ணை, "நோ நோ, தாங்க் யூ மேடம்" என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். வந்து எங்களிடம், "நல்ல மனுசியடா. விடை சொல்லவில்லை, ஆனால் காலைச் சாப்பாடு சாப்பிடச் சொல்லுது" என்றார். பின்னேரம் ஐந்து மணிக்குக் காலைச் சாப்பாடு. எங்கள் கணக்கில் அது சரியான நேரமும்தான்! எழுத்தை எண்ணிப் பார்த்து, ஒன்பதும் பொருந்துகிறது என்று நான் சொன்ன பிறகுதான் அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

அடுத்த நாள் மன்னிப்புக் கேட்கப் போனவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு நாங்களும் போனோம். எழுத்து வந்தால் ஆச்சி, எண் வந்தால் அண்ணை. இரண்டு பேரும் சேர்ந்து ரீவியில் நிற்பவர்களைத் தோற்கடிப்பார்கள். ஆச்சிக்கு முக்கால் என்ற சொல் தெரிந்தது. அண்ணைக்குப் பூனைக்கும் பூச்செடிக்கும் உரிய ஆங்கிலம் தெரிந்தது. அவர்களுக்குள் வேறு பெரிய பேச்சு இருந்ததாக எனக்கு நினைவில்லை.

பின்னாளில் ஒரு போட்டியாளர் நாலு பெரிய எண்களோடு 3, 6 இரண்டையும் வைத்து 952 எடுத்தார். காரில் இருப்பவர்கள் ஸ்ரியறிங்கை விடாதீர்கள், நான் மெதுவாகச் சொல்கிறேன். நூறும் ஆறும் நூற்றாறு. மூன்றால் பெருக்கினால் 318. அதை எழுபத்தைந்தால் பெருக்கினார்! வருவது 23,850. ஐம்பதைக் கழித்து, இருபத்தைந்தால் வகுத்தால் 952. முப்பது வினாடியில், மனதுக்குள். நாங்கள் அண்ணைக்குப் போன் எடுத்தோம், அப்போது அவர் ரொறன்ரோ போய்விட்டார். "318க்கு முக்கால்தானே" என்றார்.

என் பெரிய முறைப்பாடு இதுதான், வீட்டில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள்: பரிசு பெருத்த பிறகு விளையாட்டு மெலிந்தது. கவுண்ட்டவுனில் தொடரின் வெற்றியாளருக்கு ஒக்ஸ்ஃபோர்ட் அகராதி இருபது தொகுதி, தோல் அட்டையில். அன்றாடம் வெல்பவருக்குப் பின்னாளில் ஒரு டீபாட். 1988இல் தொடங்கிய ஃபிஃப்டீன் டு வன்னில் பதினைந்து பேர் அரை வட்டத்தில் நிற்பார்கள், ஆளுக்கு மூன்று உயிர், எல்லாம் போனால் உட்கார்ந்துவிட வேண்டும். வில்லியம் ஜி. ஸ்டுவர்ட் கண்டிப்பான தலைமையாசிரியர் மாதிரிக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்பார். தொடர் முடிவில் வெல்பவருக்கு கிரேக்கத்துப் பழம்பொருள் ஒன்று. கார் இல்லை, காசு இல்லை, மண் ஜாடி! வணிகச் சனல்களில் பரிசின் மதிப்புக்கு அப்போது விதிப்படி உச்சவரம்பும் இருந்தது. அது தொண்ணூறுகளில் போனது. 1998இல் பத்து லட்சம் பவுண் நிகழ்ச்சி வந்தது. வந்ததும் என்ன நடந்தது? ஒரு விடைக்கு நிமிடக்கணக்கில் மேளம், இருட்டு, முகத்தைக் காட்டுவது. ஸ்டுவர்ட் அந்த நேரத்தில் இருபது கேள்வி கேட்டு நாலு பேரை உட்கார வைத்திருப்பார்.

கோயிங் ஃபோர் கோல்ட் பற்றியும் கட்டாயம் சொல்ல வேண்டும். ஐயர்லாந்துக்காரர் ஹென்றி கெலி நடத்தினார், 1987 முதல் 1996 வரை. ஐரோப்பாவின் பல நாட்டு ஆட்கள், கேள்வியெல்லாம் ஆங்கிலத்தில். பாவம், டென்மார்க்காரரும் இத்தாலிக்காரரும் விடை தெரிந்தும் சொல் வராமல் விழிப்பார்கள். எங்களுக்கு அவர்கள் எல்லாரும் சொந்தக்காரர் மாதிரி. அதன் மெட்டைப் போட்டவர்களில் ஒருவர் ஹான்ஸ் ஸிம்மர், இன்றைக்குப் பெரிய படங்களுக்கெல்லாம் இசையமைக்கிறாரே, அவரேதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கையைக் காட்டுகிறார். இரண்டு நிமிடம் என்கிறாரா, ஒன்றா? ஒன்றாம். ப்ளொக்பஸ்டர்ஸை விட்டுவிடுகிறேன், அறுகோணப் பலகையை வானொலியில் காட்ட முடியாது. சூப்பர்மார்க்கெட் ஸ்வீப்புக்கு ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். டேல் விண்டன், தள்ளுவண்டியோடு ஓட்டம், நான் பிறகு சூப்பர்மார்க்கெட்டில் அடுக்கிய ஆள் என்றபடியால் எந்தத் தட்டுக்கு முதலில் ஓட வேண்டும் என்ற ஆலோசனை எல்லாம் இருந்தது. போகட்டும்.

மிச்சம் முப்பது வினாடி என்கிறார். சரியான நேரம்தான். எழுதிக்கொள்ளுங்கள்: 100, 25, 7, 4, 3, 1. மறுபடியும்: 100, 25, 7, 4, 3, 1. வர வேண்டியது 757. அண்ணைக்குப் போன் எடுக்கக் கூடாது. வணக்கம்.