கண்கட்டியை வெட்டாம மாத்தேலாதா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

களுவாஞ்சிகுடியில இருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறா: "மகனுக்கு ஆறு வயசு. இந்த வருசம் மூணாவது தரமா கண்கட்டி. வெட்டாம மாத்தேலாதா டொக்டர்?" ரெண்டு நாளா இந்தக் கேள்வி என்ட மனசுக்குள்ளயே கிடந்தது. 'வெட்டுற' எண்ட சொல்லு அந்தப் புள்ளைட காதிலயும் விழுந்திருக்கும்தானே.

தங்கச்சி, அநேகமா வெட்டத் தேவை வராது. இமைமயிர் அடியில உள்ள சின்னச் சுரப்பி அடைபட்டு, தோலில எப்பவும் இருக்கிற கிருமி அதுக்குள்ள பெருகுது. ஒண்டு ரெண்டு கிழமையில தானா உடைஞ்சு வத்திரும். நீங்க செய்ய வேண்டியது ஒத்தடம்: 10 நிமிசம், நாளைக்கு 3, 4 தரம்.

ஒத்தடம் குடுக்கிற நேரம் முழுக்க சூடு ஆறாம இருக்கணும். லேஞ்சிய ஒருக்கா நனைச்சு வெச்சா ரெண்டு நிமிசத்தில ஆறிரும். பக்கத்தில பிளாஸ்கில சுடுதண்ணி வெச்சு, திரும்பத் திரும்ப நனைச்சுப் பிழியுங்க. முதல்ல உங்கட மணிக்கட்டு உள்பக்கம் வெச்சுப் பாருங்க, புள்ளைட இமைத்தோல் மெல்லிசு. ஒரு அம்மம்மா பேரன மடியில கிடத்தி, நரிக்கதை சொல்லிச் சொல்லி ஒத்தடம் குடுத்தா. துணி ஆறினா கதையும் நிண்டுரும். "அம்மம்மா, நனைங்க" எண்டு அவனே கேப்பான்!

நம்மட ஆக்கள் மோதிரத்த உரசிச் சூடாக்கி வெப்பாங்க. சூடு நல்லதுதான், ஆனா அது ஒரு நொடிதான் நிக்கும், இமையும் சுட்டுரும். பிதுக்கவே வேணாம். வீட்டில மிச்சம் கிடக்கிற சொட்டுமருந்தும் வேணாம்; சிலதில ஸ்டீரொய்ட் இருக்கும், கண்ணுக்குள்ள அழுத்தத்தக் கூட்டிரும்.

இமை முழுக்க வீங்கி, காய்ச்சல் வந்தா, கண்ண அசைக்க நொந்தா, பார்வை மங்கினா அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

இப்ப நான் உங்ககிட்டக் கேக்கிறன்: ஏன் மூணு தரம்? அவன் கண்ணக் கசக்கிறானா? கச்சான் காத்துக்குப் புழுதியில விளையாடிட்டு, அந்தக் கையாலயே கசக்குவாங்க. இமைமயிர் அடியில பொடுகு மாதிரி செதில் இருக்கா? இருந்தா, கொதிச்சு ஆறின இளஞ்சூட்டுத் தண்ணியில ரெண்டு சொட்டு பேபி ஷாம்பு விட்டு, கண்ண மூடச் சொல்லி, பஞ்சால இமை ஓரத்தத் துடைங்க. ஒவ்வொரு கண்ணுக்கும் புதுப் பஞ்சு. கிணத்தடிக் கொடியில எல்லாருக்கும் ஒரே துவாய் தொங்கினா, அவனுக்கு வேறொண்டு குடுங்க.

பார்வைக் குறையாலயும் புள்ளைகள் கசக்கும். டீவிக்குக் கிட்டப் போறானா? கரும்பலகை எழுத்துத் தெரியுதா? ஒருக்கா கண் பரிசோதிச்சுப் பாருங்க. வகுப்பில எத்தனையாவது வாங்கில இருக்கிறான் எண்டும் எனக்கு எழுதுங்க தங்கச்சி.