பசை போட்டு ஒட்டின காலம்

வணக்கம். என் போன்ல காலைல நூறு சதவீதம் சார்ஜ் ஏத்தினா மத்தியானத்துக்குள்ள செத்துடுது, சரி பேட்டரி மட்டும் மாத்திடலாம்னு ரிப்பேர் பண்றவர்கிட்ட கொடுத்தேன். அவர் சூடு காட்டி, மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் தகட்ட உள்ள விட்டு நெம்புறார் நெம்புறார், வரவே மாட்டேங்குது, உள்ள அம்புட்டும் பசை. முன்னெல்லாம் நகத்தால நெம்பினாலே மூடி கழண்டுடும், ஞாபகம் இருக்கா? கடைசில "பேசாம புதுசாவே வாங்கிடுங்க சார்"னுட்டார்.

இப்படி புதுசு வாங்க வைக்கறது ஒண்ணும் புது வித்தை இல்லீங்க. 1924லயே ஜெனீவாவுல ஓஸ்ராம், பிலிப்ஸ் மாதிரி பெரிய பல்பு கம்பெனிங்க ஃபீபஸ்னு ஒரு கூட்டணி போட்டாங்க. பல்பு 1,000 மணி நேரம் எரிஞ்சா போதும், அதுக்கு மேல ரொம்ப நீண்டா செஞ்ச கம்பெனிக்கு அபராதம்! ஆயுசு கம்மியா இருந்தா வெளிச்சம் கூடும்னு ஒரு காரணமும் சொன்னாங்க, அதுல கொஞ்சம் உண்மை இருக்கு, ஆனா நல்லா உழைச்ச பொருளுக்கு அபராதம்ங்கறத என்னால ஜீரணிக்க முடியல.

சரி, ரிப்பேர விட புதுசு எப்படி லாபமாச்சு? 1956ல மால்கம் மெக்லீன்னு ஒரு லாரி முதலாளி அமெரிக்காவுல 58 பெட்டிய ஒரு கப்பல்ல ஏத்தி நியூவார்க்லேர்ந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார், அந்த கன்டெய்னர் உலகம் பூரா பரவினதும் சரக்கு கூலி அடிமட்டத்துக்கு வந்துடுச்சு. அப்புறம் என்ன, ரிப்பேர் பண்றவருக்கு நம்ம ஊர் கூலி கொடுக்கணும், புதுசா செய்யறவங்களுக்கு எங்க கம்மியோ அந்த ஊர் கூலி கொடுத்தா போதும்.

அந்த கம்மி கூலி எப்படி இருக்கும்னா, 2013 ஏப்ரல் 24, வங்கதேசத்துல டாக்கா பக்கத்துல ராணா பிளாசாங்கற கட்டடம். முந்தின நாளே சுவத்துல விரிசல், கீழ இருந்த பேங்க் ஆளுங்கள வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, மேல துணி தைக்கிறவங்கள மட்டும் வேலைக்கு வரச் சொன்னாங்க. கட்டடம் இடிஞ்சு விழுந்து 1,100 பேருக்கு மேல செத்துப்போனாங்க. இடிபாட்டுல வெளிநாட்டு பிராண்டு லேபிள்லாம் கிடந்துச்சு. சட்டை வாங்கும்போது கழுத்துல குத்துற அந்த லேபிள வெட்டி போடுறோமே, அதேதான்.

ஐரோப்பிய யூனியன்ல 2027லேர்ந்து போன் பேட்டரிய வாங்கினவங்களே கழட்டி மாத்தற மாதிரி இருக்கணும்னு சட்டம் போட்டிருக்காங்க, சில விதிவிலக்கும் உண்டு. நான் என்ன பண்ணேன்னு கேக்கறீங்களா? புதுசுதான் வாங்கினேன். அதுவும் பசைதான்.