அவங்க கோணல்னு சொன்னது முழங்கைய

எல்லாருக்கும் வணக்கம். உக்காருங்க, பின்னாடி ஃபேன் ஓடலன்னு தெரியுது, சீக்கிரம் முடிச்சிடறேன் (இப்படி சொல்லிட்டு ஒரு மணி நேரம் பேசினவங்கள எனக்கும் தெரியும்).

காலைலயே, மனசுல இருக்கறத பேரு போடாம ஒரு சீட்டுல எழுதிக் குடுங்கன்னு கேட்டிருந்தேன்ல, நெறைய வந்துச்சு. பாதி காதல் சமாச்சாரம், பயப்படாதீங்க, அத வாத்தியாருங்க கண்ணுல காட்ட மாட்டேன். ஒரு சீட்டுல மட்டும் ரெண்டே வரி. "எனக்கு இங்கிலீஷ் வராது. இன்டர்வியூன்னாலே வேணாம்னு இருக்கு." இத பாக்கெட்ல தனியா வெச்சிருக்கேன், அப்புறமா வர்றேன் அதுக்கு.

சேலம் பக்கம் சின்னப்பம்பட்டி, நம்ம கிரிக்கெட் நடராஜன் ஊரு. அப்பா நெசவு வேலைக்கு கூலிக்குப் போனவரு, அம்மா ரோட்டோரமா சிக்கன் கடை போட்டவங்க, அஞ்சு புள்ளைங்கள்ல இவருதான் மூத்தவரு. டென்னிஸ் பால்லயே ரொம்ப காலம் ஆடிட்டு, அப்புறம் சென்னைல லீக் ஆடி, 2015 ஜனவரில தமிழ்நாடு ரஞ்சி டீமுக்கு வந்துட்டாரு, மாநிலங்களுக்குள்ள நடக்கற பெரிய போட்டி அது. பெங்காலுக்கு எதிரா முதல் மேட்ச். அதோட ஒரு புகாரும் வந்துச்சு, பையன் பந்து போடல, எறியறான்னு. கிரிக்கெட் பாக்காதவங்களுக்கு சொல்றேன், பந்து போடும்போது மடங்குன முழங்கை 15 டிகிரிக்கு மேல நிமிர்ந்தா அது த்ரோ, செல்லாது.

இது டக் அவுட் ஆன மாதிரி இல்லீங்க. அவுட் ஆனா அடுத்த மேட்ச்ல பாத்துக்கலாம். இது என்னன்னா, இவன் கிட்ட இருக்கறது ஒரே ஒரு வித்தை, அத நம்பித்தான் அந்த ஊர விட்டே வந்திருக்கான், அதுவே தப்புன்னு சொல்லிட்டாங்க. வீட்டுக்குப் போன் பண்ணா என்னன்னு சொல்லுவான்?

எனக்கு இது லேசா புரியும். எட்டாவது படிக்கறப்ப பேச்சுப்போட்டில ஏறி, ரெண்டாவது நிமிஷத்துல ஒரு வார்த்த மறந்து, அப்புறம் எதுவுமே வரல, முழிச்சிட்டு நின்னு எறங்கிட்டேன். ஒருத்தரு சொன்னாரு, "உனக்கு மேடையெல்லாம் சரிப்படாதுப்பா". அவரு கெட்டவரும் இல்ல, ஆறுதலாத்தான் சொன்னாரு. ஆனா அத நான் பத்து வருஷம் தூக்கிட்டு அலைஞ்சேன், கல்யாண வீட்ல மைக் குடுத்தாக்கூட பாத்ரூம் பக்கம் போயிடுவேன். அப்புறம் ரொம்ப லேட்டா புரிஞ்சுது, அன்னிக்கு என் கோளாறு மேடை இல்ல, அஞ்சு பக்கத்த அப்படியே மனப்பாடம் பண்ணதுதான், ஒரு வார்த்த போனா மொத்த மாலையும் அவுந்துடும். இப்ப பாருங்க, கைல பேப்பரே இல்ல.

நடராஜனுக்கு பத்து வருஷம் ஆகல. அவங்க கோணல்னு சொன்னது முழங்கைய, ஆள இல்லன்னு எப்படியோ புரிஞ்சிருக்கு, இல்ல புரிய வெச்சிருக்காங்க. கோச்சுங்க கூட உக்காந்து, பல வருஷமா கைல ஊறிப்போன பழக்கத்த அவுத்து மறுபடி மாட்டினாரு. அழுதிருப்பாருன்னுதான் நெனைக்கறேன், யாருக்குத் தெரியும். 2016ல டிஎன்பிஎல்ல, அதான் தமிழ்நாடு பிரீமியர் லீக்ல, வந்து யார்க்கரா போட்டுத் தள்ளினாரு, பேட்ஸ்மேன் கால்கிட்டயே நேரா விழற பந்து அது. 2017 ஐபிஎல் ஏலத்துல 10 லட்சம் அடிப்படை விலை, 3 கோடிக்குப் போச்சு.

மேடைல எல்லாரும் இங்கயே கைதட்டு வாங்கிட்டு எறங்கிடுவாங்க. எனக்குப் பிடிச்சது இதுக்கு அப்புறம்தான். அந்த வருஷம் ஆறு மேட்ச், ரெண்டே விக்கெட். அடுத்த வருஷம் வேற டீம், ஹைதராபாத், 2018ல ஒரு மேட்ச் கூட கெடைக்கல, 2019லயும் இல்ல. ரெண்டு சீசன் முழுக்க பிராக்டிஸ் நெட்ல பந்து போட்டுட்டு, மேட்ச் அன்னிக்கு வெளிய பெஞ்சுல உக்காந்து, ஊருக்கு வந்தா "ஏம்ப்பா உன்ன டிவில காணோம்"னு டீக்கடைல கேப்பாங்கல்ல, அந்த கேள்விக்கு சிரிக்கறது இருக்கே, அது யார்க்கர் போடறத விட கஷ்டம்.

2020ல ஆட விட்டாங்க, 16 விக்கெட். டிவில்லியர்ஸ் ஸ்டம்ப்ப யார்க்கர்ல பேத்தது ஞாபகம் இருக்கா? ஆஸ்திரேலியாவுக்கு முதல்ல கூட்டிட்டுப் போனது நெட் பௌலராத்தான், அதாவது பேட்ஸ்மேனுங்க பிராக்டிஸுக்கு பந்து போடற ஆளா, அடுத்தவங்களுக்கு அடிபட்டு அடிபட்டு இவருக்கு எடம் வந்துச்சு. டிசம்பர்ல ஒன்டே, ரெண்டு நாள் கழிச்சு டி20, ஜனவரில பிரிஸ்பேன் டெஸ்ட், ஒரே டூர்ல மூணுலயும் அறிமுகம், இந்தியால அவருதான் முதல் ஆளு. நேரம்தான், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா நேரம் வந்தப்ப கை சரியா இருந்துச்சு.

இன்னொன்னையும் மறைக்கக் கூடாது. டென்னிஸ் பால்ல கலக்கிட்டு இன்னிக்கு தறி ஓட்டறவன், லோடு வண்டி ஓட்டறவன் நம்மூருல எத்தன பேரு இருக்கான், அவங்களாம் கனவு காணலன்னா சொல்ல முடியும்? வீட்ல கடன் இருக்கறவன் கிட்ட கனவத் துரத்துன்னு சொல்லிட்டு காருல ஏறிப் போறது எனக்கு ஒப்பல. நடராஜனுக்கே ஊர்ல கை குடுக்க ஜெயப்பிரகாஷ்னு ஒரு அண்ணன் இருந்தாரு, கூடப் பொறந்தவரு இல்ல, அவரு பேர சேத்துத்தான் ஜெர்சில 'ஜேபி நட்டு'ன்னு போட்டுகிட்டாரு. அப்புறம் சொந்த ஊர்லயே கிரவுண்டும் கட்டிட்டாரு, 2023ல தெறந்தாங்க.

சரி, இந்த சீட்டு. "எனக்கு இங்கிலீஷ் வராது". யாரு எழுதினதுன்னு கேக்க மாட்டேன். ஆனா இதுல முழங்கை எங்கன்னு சொல்லலயே கண்ணு? படிச்சா புரியலயா, புரிஞ்சும் வாய்ல வரலயா, வாய்ல வந்தும் எதுத்தாப்ல ஆளப் பாத்ததும் நின்னு போகுதா? மூணும் வேற வேற வியாதி, மருந்தும் வேற வேற. சீட்டோட பின்பக்கம் காலியாத்தான் இருக்கு. இங்க மேஜை மேல வெச்சிட்டுப் போறேன், எல்லாரும் டீக்குப் போனதும் வந்து எடுத்து எழுதுங்க, நான் அஞ்சு மணி பஸ்சுக்குத்தான் கெளம்பறேன்.