“இது பனியா, சாயம் போன லுங்கியா?” – ஒரு கேள்வியும் என் பதிலும்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வைத்திருந்தேன். கோத்தகிரியிலிருந்து ஒரு தங்கை அனுப்பியிருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்றிருக்கிறார். அப்படியே வாசிக்கிறேன்.

“அண்ணா, பனி மூடிய தேயிலைத் தோட்டத்தை வாட்டர்கலரில் வரைந்து இன்ஸ்டாகிராமில் போட்டேன். நாற்பது பேருக்கு மேல் நல்லா இருக்கு என்றார்கள். ஒருத்தர் மட்டும், ‘இது பனியா, துவைச்சுத் துவைச்சுச் சாயம் போன லுங்கியா?’ என்று எழுதிவிட்டார். அதற்குப் பதினோரு பேர் சிரித்திருக்கிறார்கள். மூன்று வாரமாகப் பிரஷ்ஷைத் தொடவில்லை. படத்தை எடுத்துவிடலாமா? நீங்களெல்லாம் இதை எப்படித் தாங்குகிறீர்கள்?”

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் தாங்குவதெல்லாம் இல்லை. எங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள், தெரியும். யாராவது படத்தைக் குறை சொன்னால் இரண்டு நாள் குழம்பில் உப்பில்லை என்று சண்டை போடுவேன். உப்பு சரியாகத்தான் இருக்கும்.

2018-ல் நடந்ததைச் சொல்கிறேன். அந்த வருஷம் எங்கள் கொடைக்கானலில் குறிஞ்சி பூத்தது. 2006-க்கு அப்புறம் அப்போதுதான். பார்க்க வண்டி வண்டியாக ஆட்கள் வந்தார்கள். இதை விட்டால் 2030 தான் என்று நானும் எட்டுப் படம் வரைந்து, தெரிந்தவர் டீக்கடைச் சுவரில் மாட்டினேன். அதில் பெரியது, ஒரே ஒரு குறிஞ்சிக் கிளை. நீலம் என்றும் சொல்ல முடியாமல் ஊதா என்றும் சொல்ல முடியாமல் ஒரு நிறம் இருக்கிறதே, அதைப் பிடிக்கவே நாலு பேப்பர் வீணானது.

ஒரு நாள் மேல்மலைக்காரர் ஒருவர் டீ குடிக்க வந்தார். பூண்டு மூட்டை இறக்கிவிட்டு வந்தவர், தோளில் துண்டு. கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே படத்தின் பக்கத்தில் போய் நின்றார். “யாருப்பா வரைஞ்சது?” கடைக்காரர் என்னைக் காட்டினார். “ஏந்தம்பி, குறிஞ்சியை நேர்ல பாத்திருக்கியா? பூவெல்லாம் சரி. இலையை எங்க வேணா ஒட்ட வச்சிருக்கியே. அது ஜோடி ஜோடியால்ல வரும்!” டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கடையில் நின்ற டூரிஸ்ட்டுகள் சிரித்தார்கள்.

பூண்டு மூட்டை தூக்குகிறவருக்கு ஓவியத்தைப் பற்றி என்ன தெரியும்? எனக்கு அப்போது அப்படித்தான் தோன்றியது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. மூன்றாம் நாள் கோபம் கொஞ்சம் ஆறிய பிறகு, ஊருக்கு வெளியே ஒரு சரிவுக்குப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு கிளையைப் பார்த்தேன். கணுவுக்குக் கணு இந்தப் பக்கம் ஓர் இலை, அதற்கு நேர் எதிரே இன்னோர் இலை. கிளை நெடுக அப்படித்தான். என் படத்திலோ செம்பருத்திக் கிளை மாதிரி ஒன்று மேலே, ஒன்று கீழே என்று மாறி மாறி இருந்தது. பூவுக்காக 12 வருஷம் காத்திருந்தவன், எந்நேரமும் அங்கேயே இருந்த இலையைப் பார்க்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை, எட்டுப் படத்தில் முதலில் விற்றது அதுதான். வாங்கியவர் “என்ன ஒரு உயிரோட்டம்!” என்றார். தப்பான இலையோடு இன்றைக்கும் யார் வீட்டுச் சுவரிலோ அது தொங்கிக்கொண்டிருக்கும்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். யார் என்ன சொன்னாலும், படத்தில் எந்த இடத்தில் விரலை வைத்து அதைக் காட்ட முடியும் என்று பார்ப்பேன். மேல்மலைக்காரர் சொன்னதற்கு விரல் வைக்க இடம் இருந்தது. ‘உயிரோட்ட’த்துக்கு எங்கே வைப்பது? சந்தோஷமாக இருந்தது, காசும் வந்தது, ஆனால் அடுத்த படத்துக்கு அதிலிருந்து எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இப்போது லுங்கிக்கு வருவோம். உங்கள் படத்தைப் போய்ப் பார்த்தேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் தங்கச்சி, அந்த ஆள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. பனியில் தூரத்து மலை வெளிறித் தெரியும், கிட்டே இருக்கிற செடி அடர்த்தியாகத் தெரியும். அந்த வித்தியாசம்தான் கண்ணுக்குப் பனி என்று சொல்கிறது. உங்கள் படத்தில் பின்னால் இருக்கிற மலையும் முன்வரிசைத் தேயிலையும் ஒரே வெளிறல். வரையும்போது இவ்வளவு வெளிறித் தெரிந்திருக்காது. வாட்டர்கலர் ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் அதைவிட ஒரு படி குறைவு. எல்லோரும் ஒரு தடவையாவது இதில் ஏமாந்திருப்போம். அவர் நக்கலை விட்டுவிட்டு ‘முன்னால் அடர்த்தி போதவில்லை’ என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை, பதினோரு பேரைச் சிரிக்க வைக்க நினைத்தார். அது அவர் குணம். அதற்காக அந்த வெளிறல் இல்லை என்று ஆகிவிடாது.

இதே அளவுகோலை எல்லாவற்றுக்கும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். படத்தை விட்டுவிட்டு உங்களைப் பற்றி, உங்கள் முகத்தை, சாதியை, குடும்பத்தைப் பற்றி எழுதினால் யோசிக்கவே வேண்டாம், பிளாக் பண்ணிவிடுங்கள். அதில் படம் சம்பந்தமாகக் கற்றுக்கொள்ள ஒன்றும் கிடையாது. அப்புறம், வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் “இதுல மாசம் எவ்வளவு வரும்?” என்பார்கள். அது விமர்சனமே இல்லை, பலகாரத் தட்டை நகர்த்தி வையுங்கள்.

கீழே நீளமாக விளக்கம் எழுதியிருக்கிறீர்கள், அதையும் பார்த்தேன். அன்றைக்கு மழை, பேப்பர் ஈரம், கை விறைத்திருந்தது என்றெல்லாம். எழுதாதீர்கள். நாளைக்கு அந்தப் படம் ஒரு சுவரில் தொங்கினால், பக்கத்தில் நின்று இதையெல்லாம் சொல்ல நீங்கள் இருக்க மாட்டீர்கள். பதில் போட்டே ஆகவேண்டும் என்று கை துறுதுறுத்தால், “எந்த இடத்தில் அப்படித் தெரிகிறது?” என்று மட்டும் கேளுங்கள். அதையும் ராத்திரி கேட்காதீர்கள், மறுநாள் காலையில் கேளுங்கள். நான் கேட்டவரைக்கும் பாதிப் பேர் காணாமல் போய்விடுகிறார்கள். மீதிப் பேர் நிஜமாகவே இடத்தைச் சொல்கிறார்கள்.

இன்னொன்று. ‘சும்மா ட்ரை பண்ணேன், தப்பிருந்தா மன்னிக்கவும்’ என்று படத்துக்கு மேலேயே போட்டிருக்கிறீர்கள். பழைய புலவர்களின் அவையடக்கம் மாதிரிதானே என்பீர்கள். அவர்கள் அதைப் பாடிவிட்டு முழு நூலையும் அவையில் வைத்தார்கள். நாம் அடி விழும் முன்பே கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்கிறோம். அந்த வரியை எடுத்துவிடுங்கள். படத்தை எடுக்க வேண்டாம்.

அதே படத்தைச் சரிசெய்யவும் முடியும். வாட்டர்கலரில் அடர்த்தியை அப்புறம் ஏற்றலாம், வெளிறலைத்தான் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம். நல்லவேளை, உங்களுக்கு வெளிறல் கையில் இருக்கிறது. இடது ஓரத்தில் ஒரு சில்வர் ஓக் மரம் வையுங்கள், தோட்டத்தில் அது இல்லாமலா இருக்கும்? அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் அம்பர் என்கிற கரும்பழுப்பைக் குழைத்தால் நல்ல கருஞ்சாம்பல் வரும். அதில் அடிமரத்தைப் போட்டு, அதன் கீழே முன்வரிசைச் செடிகளுக்கு ஒரு பூச்சு. தேவை என்று தோன்றுவதைவிட ஒரு படி கூடுதலாகவே போடுங்கள், காய்ந்தால் குறையும்.

ஒரு பூச்சுக்கு மேல் அடுத்தது போடும் முன், கீழே இருப்பது முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். புறங்கையை வைத்துப் பார்த்துச் சில்லென்று இருந்தால் ஈரம் என்று கீழே சமவெளியில் சொல்லிக்கொடுப்பார்கள். நம் ஊர்க் குளிரில் காய்ந்த பேப்பரும் சில்லென்றுதான் இருக்கும். பக்கத்தில் புதுப் பேப்பர் ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டையும் தொட்டுப் பாருங்கள். புதுப் பேப்பரைவிட உங்கள் படம் அதிகம் குளிர்ந்தால் இன்னொரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். லுங்கிக்காரருக்கும் காட்டலாம், அது உங்கள் இஷ்டம். சரி, அடுத்த கேள்வி பிரஷ்ஷைப் பற்றி.