நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். சித்திரவதைக்கு ஆளாகி உயிர் தப்பியவர்களுக்கு எப்படிப் பல் வைத்தியம் பார்ப்பது என்பதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். பல் மருத்துவராகிய எனக்கு இது நெஞ்சுக்கு மிக நெருக்கமான விஷயம்.

எங்கள் அறையில் நடப்பதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். வந்தவரை மல்லாக்கப் படுக்க வைக்கிறோம். முகத்துக்கு நேரே விளக்கை இழுக்கிறோம். முகக்கவசம் போட்ட இருவர் தலைமாட்டில் குனிகிறோம். வாயைத் திறந்தே வைக்கச் சொல்வதால் அவரால் பேச முடியாது. கூரான கருவி உள்ளே போகிறது, தண்ணீர் தொண்டைப் பக்கம் ஓடுகிறது. விசாரணை அறையிலிருந்து மீண்டு வந்த ஒருவருடைய உடம்பு, இதைச் சிகிச்சை என்று உடனே நம்பிவிடுமா? தலையைத் தண்ணீரில் அமுக்கித் துன்புறுத்தப்பட்டவருக்கு அந்த ஒரு வாய்த் தண்ணீரே போதும், மூச்சு முட்டிவிடும்.

வெள்ளைக் கோட்டும் சிலருக்கு ஆறுதல் தராது. சித்திரவதைக்கு மருத்துவர்கள் துணைபோன வரலாறு உண்டு. அதனால்தான் உலக மருத்துவச் சங்கம் 1975-இல் டோக்கியோ பிரகடனத்தில் அதைத் திட்டவட்டமாகத் தடை செய்தது.

வாயும் பற்களும் சித்திரவதையில் நேரடியாகவே தாக்கப்படுகின்றன. சித்திரவதையின் தடயங்களை எப்படிப் பதிவு செய்வது என்று வழிகாட்டும் ஐ.நா. கையேட்டுக்கு இஸ்தான்புல் நெறிமுறை என்று பெயர். 1999-இல் உருவாகி, 2022-இல் திருத்தப்பட்டது. அடியாலும் மின்சாரம் பாய்ச்சுவதாலும் பல் உடையலாம், பெயர்ந்து வரலாம், அடைத்திருந்தது விழுந்துவிடலாம் என்று அது சொல்கிறது. சிறையில் வைத்தியமில்லாமல் முற்றிய சொத்தை வேறு. வெளியே வந்த பிறகும் இரவில் பல்லை நறநறவென்று கடித்துத் தேய்த்துக்கொள்வார்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரைகள் சிலவற்றால் எச்சில் குறையும்; எச்சில் குறைந்தால் சொத்தை வேகமாகப் பரவும். இத்தனையும் இருந்தும், வலி பொறுக்க முடியாமல் போகும்வரை வர மாட்டார்கள். வந்தவரைப் பார்த்து, "ஏன் இவ்வளவு நாள் விட்டுவிட்டீர்கள்?" என்று கேட்கவே கூடாது.

என்ன நடந்தது என்றும் நாமாகத் துருவ வேண்டாம். அந்தக் கதையைச் சொன்னால்தான் வைத்தியம் என்று யாருக்கும் ஒரு நிபந்தனை இருக்கக் கூடாது. "பல் வைத்தியத்தில் உங்களுக்கு எது சிரமமாக இருக்கிறது?" என்று வருகிற எல்லோரிடமும் கேட்டாலே போதும். உட்கார்ந்தபடியே பார்க்கலாமா, கதவு திறந்திருக்கட்டுமா, நடப்பதைப் பார்க்க முகம் பார்க்கும் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொள்கிறீர்களா என்று அதற்கேற்ப நாம் மாறிக்கொள்ளலாம். மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால், ஆணா பெண்ணா என்பதையும் வைத்தியத்துக்கு வந்தவரே தீர்மானிக்கட்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமாக நான் நினைப்பது ஒன்று. கையைத் தூக்கினால் நிறுத்துகிறேன் என்று பல மருத்துவர்கள் சொல்கிறோம். கை உயரும்போது, "இதோ, ஒரே நிமிடம், முடிந்துவிட்டது" என்று தொடர்கிறோம். சித்திரவதை அறையில் அவருடைய "வேண்டாம்" எதையும் நிறுத்தவில்லை. இங்கேயும் நிறுத்தாவிட்டால் அவர் திரும்ப வர மாட்டார். அதனால் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே ஒத்திகை பார்க்க வேண்டும். அவர் கையைத் தூக்கட்டும், கருவியை வெளியே எடுத்துக் காட்டுங்கள். இரண்டு மூன்று தடவை செய்யுங்கள்.

கை உயராமலும் போகலாம். சிலர் அசையாமல், கண் ஓரிடத்தில் குத்திட்டு, மூச்சுகூடத் தெரியாமல் கிடப்பார்கள். நல்ல ஒத்துழைப்பு என்று மருத்துவர் மகிழ்ந்துவிடக் கூடாது. பயத்தில் உறைந்திருக்கலாம். கருவியை எடுத்துவிட்டு, நாற்காலியை நிமிர்த்தி, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, இப்போது எங்கே இருக்கிறோம் என்று மெதுவாகச் சொல்ல வேண்டும்.

கருவிகளிலும் கவனம் தேவை. பல்லின் நரம்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க மின்சாரச் சோதனை ஒன்று உண்டு. மின்சாரத்தால் துன்புறுத்தப்பட்டவருக்கு அது வேண்டாம். குளிர் வைத்தும் சோதிக்கலாம். மரத்துப்போக ஊசி போடும்போது, மருந்தில் அட்ரினலின் சேர்ந்திருந்தால் நெஞ்சு படபடக்கலாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அந்தப் படபடப்பையே ஆபத்தின் அறிகுறியாக எடுத்துக்கொள்வார். மயக்க மருந்து கொடுத்தால் எளிதாகிவிடும் என்று அவசரப்பட வேண்டாம். நினைவு தப்புவதே சிலருக்குப் பெரிய பயம்.

இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும், உண்மைதான். ஆனாலும் இதைச் சலுகையாக நினைக்காதீர்கள். 1984-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையின் 14-ஆவது பிரிவு, இயன்றவரை முழுமையான மறுவாழ்வு பற்றிப் பேசுகிறது. நாலு பேரோடு உட்கார்ந்து கூசாமல் சாப்பிடுவதும், கையால் வாயை மறைக்காமல் சிரிப்பதும் அந்த மறுவாழ்வில் அடங்கும் என்பதே என் கருத்து.

பாதிக்கப்பட்டவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் உங்களுக்கு ஒன்று. போவதற்கு முன்பே தொலைபேசியில், "எனக்கு மல்லாக்கப் படுக்க முடியாது, முதல் நாள் பேச மட்டும் வருகிறேன்" என்று சொல்லலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். காத்திருப்பது கஷ்டமென்றால் காலையில் முதல் ஆளாக நேரம் கேளுங்கள். நன்றி, வணக்கம்.