காட்டில் தேடிய புலி அலமாரியில் இருந்தது

(திரையில்: கருப்பு வெள்ளைப் படம். வேலிக்குள் ஒரு விலங்கு இங்குமங்கும் நடக்கிறது.)

முதுகைப் பாருங்கள். நடுமுதுகிலிருந்து வாலடி வரை வரிவரியாக இருக்கிறதா? அதை வைத்துத்தான் புலி என்றார்கள். தலை அசல் நாய். ஆனால் இது புலியும் இல்லை, நாயும் இல்லை. கங்காரு போல வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் இனம். பையின் வாய் மட்டும் பின்பக்கமாகத் திறக்கும். பெயர் தைலசின், மக்கள் வைத்த பெயர் டாஸ்மேனியப் புலி. டாஸ்மேனியா, ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே அந்த நாட்டைச் சேர்ந்த ஒரு தீவு.

1933இல் அந்தத் தீவின் தலைநகர் ஹோபார்ட்டின் உயிரியல் பூங்காவில் இதைப் படம் பிடித்தவர் இயற்கையியலாளர் டேவிட் ஃபிளே. கேமராவுக்குள் தலையை விட்டிருந்த மனிதரின் பின்புறத்தில் ஒரு கடி வைத்துவிட்டது!

ஆட்டுப் பண்ணைக்காரர்களுக்கு இது ஜென்ம விரோதி. 1888 முதல் 1909 வரை, வளர்ந்த ஒன்றைக் கொன்றால் அரசாங்கமே தலைக்கு ஒரு பவுண்டு கொடுத்தது. 2,184 தடவை பணம் பட்டுவாடா ஆனது. வளர்ந்த ஆட்டை அடிக்கும் வலு இந்தத் தாடைக்கு இருந்திருக்காது என்று 2011இல் ஓர் ஆய்வு சொன்னது. சொல்லி என்ன? பாதுகாப்புச் சட்டம் வந்தது 1936 ஜூலை 10. பூங்காவில் இருந்த கடைசி விலங்கு செத்தது செப்டம்பர் 7. இடையில் 59 நாள்.

(திரையில்: இரவு, மழை, டார்ச் வெளிச்சம்.)

அப்புறம்தான் 'காட்டில் நான் பார்த்தேன்' கதைகள். பெரும்பாலானவற்றைச் சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம். ஹான்ஸ் நார்டிங் சொன்னதை அப்படித் தள்ள முடியாது. அவர் வனவிலங்குத் துறைக்காரர். 1982 மார்ச், டாஸ்மேனியாவின் வடமேற்கு மூலை. வண்டியில் தூங்கியவர் இரவு இரண்டு மணிக்கு விழித்து, வழக்கம்போல் விளக்கை ஒரு சுற்றுச் சுற்றினார். ஆறேழு மீட்டரில் அது பக்கவாட்டில் நின்றது. கேமரா எட்டும் தூரத்தில் இல்லை. அசையாமல் உட்கார்ந்து வரிகளை எண்ணினார்: பன்னிரண்டு. கேமராப் பையை எடுக்க நகர்ந்ததும் புதருக்குள் போய்விட்டது. துறை ஒரு வருடத்துக்கு மேல் தேடியது. ஒரு மயிர்கூடக் கிடைக்கவில்லை.

கிடைத்தது வேறு இடத்தில். 2022இல், ஹோபார்ட் அருங்காட்சியகத்தின் ஓர் அலமாரியில். 1936இல் செத்த அந்தக் கடைசி விலங்கின் தோலும் எலும்பும்தான். வயதான பெண் விலங்கு. கண்ணி வைத்துப் பிடிப்பது சட்டப்படி குற்றம் என்பதால், பூங்காவுக்கு அது விற்கப்பட்டதைக் கணக்கில் காட்டவில்லை. அதனால் உடல் எங்கே போனதென்று 85 வருடம் யாருக்கும் தெரியவில்லை.

இத்தனைக்கும் அந்தத் தோலை ஊர் ஊராகக் கண்காட்சிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அருங்காட்சியகத்தில் இருந்த தோல்களிலேயே நல்ல தோல் அதுதானாம். காட்டில் இன்னும் உயிரோடு இருக்கின்றன என்றுதான் அப்போது நினைத்திருந்தார்கள்.